நாலு பேர் என்று எழுதியிருக்கும்

பெட்டியில் நாலு பேர் என்று எழுதியிருக்கிறது.
எந்த நாலு பேர் என்று எழுதவில்லை.

மத்திய வீதியில் முஸ்தக்கீமின் கடை.
வலை, நீச்சல் கண்ணாடி, காஸ் அடுப்பு,
வெள்ளைக்காரர் விட்டுப்போன காற்று மெத்தைகள்.
நான் ஆறடி நாலு அங்குலம்.
தாட்சாயினி ஐந்தடி பத்து.
கலியாணப் படத்தில் எங்கள் இரண்டு பேரையும்
கதிரையில் இருத்திவிட்டுத்தான்
மற்றவர்களைப் பக்கத்தில் நிற்கவிட்டார்கள்.

முதலில் குடை மாதிரி ஒன்றை விரித்துக் காட்டினார்.
"நடுவில நல்ல உயரம்."
நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், உண்மைதான்,
மணிக்குள் நாக்கு நிற்பதுபோல,
அசையாத வரைக்கும்.
ஓரத்துக்குப் போகப் போகச் சீலை சரிந்து வந்து
காதைத் தொடுகிறது.
படுத்தும் பார்த்தோம், கடைத் தரையில்,
வாளிகளுக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் நடுவே.
தூண்டில் முள் வாங்க வந்த ஒருவர்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
எங்கள் கால்களைக் கடந்து போனார்.

தாட்சாயினி தையல் நாடாவோடு வந்திருந்தாள்.
நிற்கிற நீளம் வேறு, படுக்கிற நீளம் வேறு
என்பது அவள் கட்சி.
படுத்தால் பாதம் நீளும். தலைக்கு மேலே தலையணை மிஞ்சும்.
மெத்தையின் கனம் நெற்றியைத் தூக்கிச்
சரிவிடம் கொடுக்கும்.
விடியப்புறம் வேர்த்த சீலை முகத்தில் ஒட்டும்.
"இருநூற்றிருபது. அதுக்குக் குறைஞ்சா வேண்டாம்."

"அப்ப டனல்தான்."
முஸ்தக்கீம் பரணில் ஏறினார்.

மூன்று வளையம். மூன்றும் ஒரே உயரம்.
ரயில் பெட்டிபோல, தொடக்கத்தில் இருக்கிற கூரை
முடிவிலும் இருக்கிறது.
சுவர் நேரே ஏறிவிட்டுப் பிறகுதான் வளைகிறது.
"ஆனா ஒண்டு. இது தானா நிக்காது.
முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டோணும்.
கச்சானுக்கு விலாவக் காட்டினா
படுத்திடும்."

நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளிவெட்டி முகாமில் எங்களுக்குத் தந்ததிலும்
ஐந்து பேர் என்றுதான் இருந்தது. நாங்கள் ஏழு.
பதினாலு வயதில் நிமிர்ந்தபடி உள்ளே போனேன்.
நிவாரண அரிசியில் எப்படித்தான் எலும்பு நீண்டதோ,
அம்மா என் காற்சட்டை விளிம்பை
மூன்று தரம் அவிழ்த்து விட்டா.
கூடாரத்தில் அவிழ்க்க விளிம்பு இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை.
விலையைக் கேட்டேன்.
அவர் ஒன்று சொல்ல, தாட்சாயினி ஒன்று சொல்ல,
கடைசியில் ஒரு தலைவிளக்கும் சேர்த்து
இருவருக்கும் நட்டம் என்ற விலையில் முடிந்தது.

இறக்கக்கண்டிக் கடற்கரை, ஆடி மாதம்.
ஒடுங்கிய பக்கத்தை மேற்குக்குக் கொடுத்து,
வாசலைக் கடலுக்கு வைத்தோம்.
முளைக்கம்பிகள் மணலில் சுகமாய் இறங்கி
அதே சுகத்தோடு மேலே வந்தன.
உரப் பைகளில் மணலை நிரப்பி,
கயிற்றைச் சுற்றிப் புதைத்து,
அவள் ஒரு மூலையில் ஏறி நின்று குதித்தும் பார்த்தாள்.
கச்சான் வந்தது, வளையங்களை ஒவ்வொன்றாய்த் தடவியது,
கடலுக்குப் போய்விட்டது.

உள்ளே அவள் கைகளை உயர்த்திச் சேலையை உதறி மடித்தாள்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள்.
நானும் நடந்தேன்.

"ஏன் குனியிறியள்?
தலைக்கு மேல இன்னும் ஒரு சாண் கிடக்கு."

எனக்குத் தெரியும்.
கழுத்துக்குத்தான் தெரியாது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தலைவிளக்கை எடுத்துக் கூரைக் கொளுக்கியில்,
என் நெற்றிக்கு நேராய் அல்ல,
ஒரு பக்கமாய் மாட்டினாள்.
வெளியே ஏதோ ஒரு நாய்
நாங்கள் புதைத்த பையைத் தோண்டுகிற சத்தம்.